கல்லு கனமாயிடுச்சா?



"அழுத்தம் என்றால் என்ன?" என்று நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "விசையைப் பரப்பால் வகுக்கணும்" என்று பதில் வந்துவிடும். இரண்டு மார்க் நிச்சயம்! அதையே ஒரு பொடியனுக்குப் புரிய வைக்கச் சொன்னால்? அங்கேதான் நம்ம வண்டி நின்னு போகுது.

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' என்று பாடமே உண்டு. ஆனால் பெரும்பாலும் சூத்திரம் முதலில் வருகிறது. கையால் தொட்டுப் பார்ப்பது வராமலே போகிறது. இது தலைகீழ் என்பது என் கருத்து.

நெட்டுக்குப்பத்துக்கு வாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அங்கே சோதனைச்சாலைக்கு ஒரு செங்கல் போதும். ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். ஈர மணலில் படுக்க வையுங்கள். பிறகு நிமிர்த்தி வையுங்கள். எது ஆழமாகப் பதிகிறது?

"நிக்க வெச்சா கல்லு கனமாயிடுதுண்ணா!" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். சிரிக்காதீர்கள், குட்டாதீர்கள். பாடம் ஆரம்பிப்பதே அந்தப் பதிலில்தான்! மீன் நிறுக்கும் தராசில் கல்லைப் போடுங்கள். படுத்தாலும் நின்றாலும் ஒரே எடை. அப்போ மாறினது எது? மணலைத் தொடுகிற பரப்பு. படுத்தால் நாற்பதரை சதுர அங்குலம், நின்றால் பதின்மூன்றரை. பரப்பு மூன்றில் ஒன்று, அழுத்தம் மூன்று மடங்கு. சூத்திரத்தைப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டது!

அப்புறம் நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். மீன்கூடைக்கு அடியில் அம்மா ஏன் சும்மாடு வைக்கிறாள்? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லருக்கு ஏன் அத்தனை சக்கரம்? சேற்றில் ஒற்றைக் காலில் நின்றால் ஏன் அதிகம் புதைகிறது? அவர்களே சொல்வார்கள். அழுத்தத்தின் அலகுக்கு பாஸ்கல் என்று பெயர் வைத்தது 1971-இல்தான். சும்மாடு அதற்கு எவ்வளவோ மூத்தது!

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களிடம் சோதனைகளைக் கொண்டு போனது. நல்ல காரியம். ஆனால் அரசாங்கம் மட்டும் செய்தால் போதுமா? துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ வளரும் பிள்ளை, அவற்றின் மதில் சுவரை மட்டும் பார்த்து வளரலாமா? உள்ளே ஓடும் ஹைட்ராலிக் ஜாக்கியும் இதே பாடம்தானே!

நம் யூனியன் மாதம் இரண்டு ஞாயிறு ஒதுக்கட்டும். "நமக்கே அரியர் இருக்கு, இதுல வாத்தியார் வேலையா?" என்பீர்கள். பொடியனின் "ஏன்?"-க்கு ஒருமுறை பதில் சொல்லிப் பாருங்கள், அரியரும் தானாகக் குறையும்!

ஒரு செங்கல்லோடு கிளம்புவோமா, தோழர்களே?