பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்க வேண்டும்

சில அரசுகள் குடிமக்களை மதிக்கின்றன. சில அரசுகள் மிதிக்கின்றன. ஏன் இப்படி? ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்பதே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு அந்த விடை போதவில்லை. டிரைவர் எத்தனை நல்லவரானாலும் பிரேக் இல்லாத வண்டியை அவரிடம் கொடுக்க மாட்டோம். அரசும் அப்படித்தான்.

நம் தங்கவயலையே பாருங்கள். 1930இல் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. குற்றவாளிகளைப் போல நடத்துவதா என்று கொதித்து நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கம் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. ஆட்சி மைசூர் சமஸ்தானத்துடையது. கூலிக்காரன் சொல் இரண்டு இடத்திலும் ஏறாது. ஒற்றுமை ஒன்றே அவர்களிடம் இருந்த பிரேக்.

அப்படியானால் ஓட்டுரிமை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது தேர்தலில் வென்ற அரசுதான். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சிறையில் இருப்பவர் தம் விடுதலை கேட்டு நீதிமன்றம் வர முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அதே நாடு, அதே மக்கள், அதே போலீஸ். பிரேக்கைக் கழற்றியதும் வண்டி வேறு மாதிரி ஓடியது. 1977இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை நிறுத்தினார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதென 1978இல் அரசியல் சட்டத்தையும் திருத்தினார்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டி புறப்படுமுன் கார்டு கடைசிப் பெட்டியில் கேஜைப் பார்ப்பார். எஞ்சினில் பிரேக் பிடித்தால் போதாது. அங்கேயும் பிடிக்க வேண்டும். வீரப்பன் வேட்டையில் இரு மாநில எல்லைக் கிராமங்களில் ஏழைகள் அதிரடிப்படையிடம் பட்ட பாட்டை விசாரிக்க, மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 89 பேருக்கு நஷ்டஈடு கிடைக்க 2007 ஆயிற்று. சட்டமும் நீதிமன்றமும் அப்போதும் இருந்தன, காட்டோரத்துக்குத்தான் எட்டவில்லை.

2001இல் சுரங்கம் மூடியபின், நம் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். கைதானால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற சட்டம் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டு விழாவில் பட்டிமன்றத்தோடு, ஒரு வக்கீலையும் அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். உரிமை தெரிந்த குடிமகனைக் கண்டால்தான் அதிகாரம் சற்று நிதானிக்கும்.