ஊரறிய ஒரு மன்னிப்பு

காதலியிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை போதும். புனேயை அடுத்த பிம்ப்ரி சிஞ்ச்வட்டில் ஓர் இளைஞருக்கு 300 பேனர்கள் தேவைப்பட்டன. 2018 ஆகஸ்டில் ஒருநாள் காலை பிம்ப்ளே சௌதாகர் பகுதியின் சாலையோரங்களில் எங்கு திரும்பினாலும் ஒரே வாசகம்: ஒரு பெண்ணின் குடும்பப் பெயர், 'ஐ ஆம் சாரி', கூடவே ஓர் இதயம். மும்பையிலிருந்து வரும் காதலியின் கண்ணில் பட வேண்டுமாம். செலவு சுமார் 72,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன.

அவர் கண்ணில் பட்டதோ இல்லையோ, போலீஸ் கண்ணில் பட்டது. பேனருக்கு ஆர்டர் கொடுத்த நண்பரைப் பிடித்து, அவர் மூலம் இளைஞரையும் கண்டுபிடித்தார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மகாராஷ்டிரச் சட்டம் 1995-லேயே வந்துவிட்டது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு போனால், பேனர் செலவுக்கு முன்னால் அது அற்பம்.

நாடு முழுவதும் சிரித்தது. ஆனால் அந்தப் பெண்? மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவரைக் கேட்காமலே ஊரைப் பஞ்சாயத்துக்குக் கூட்டியாகிவிட்டது.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இதெல்லாம் சுலபம். துணியில் ஓவியர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் சொன்னால் காலையில் தயார். மகாராஷ்டிரத்தில் பேட்டைக்குப் பேட்டை 'தாதா'க்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, தமிழ்நாட்டில் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை. அனுமதி வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அரசியல் பிரமுகர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்திருந்த பேனர், ஸ்கூட்டரில் வந்த இளம் பெண் பொறியாளர் மீது சரிந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் இறந்தார். மணமக்கள் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுச் சந்தோஷமும் மனவருத்தமும் அவரவர் சொந்த விஷயம். சாலை அப்படியல்ல.