கண்ணுக்குத் தெரியாத விழுப்புண்

புது தில்லியில் நாடாளுமன்றம் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கடந்த சில ஆண்டுகளில் ராணுவத்திலும் துணை ராணுவப் படைகளிலும் தற்கொலை செய்துகொண்ட வீரர்கள் எத்தனை பேர் என்பதே அக்கேள்வி. அமைச்சர் எழுத்து மூலம் பதிலளிக்கிறார். ஓர் அட்டவணை அவையில் வைக்கப்படுகிறது. மறுநாள் நாளேடுகளில் சிறு செய்தியாக வெளிவந்து, அதற்கடுத்த நாள் மறக்கப்பட்டுவிடுகிறது.

2024 டிசம்பரில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சகம் அளித்த பதிலின்படி, ஐந்தாண்டுகளில் மத்திய ஆயுதப் போலீஸ் படைகள், அசாம் ரைஃபிள்ஸ், தேசியப் பாதுகாப்புப் படை ஆகியவற்றைச் சேர்ந்த 730 வீரர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். ராணுவத்தின் நிலையும் ஆறுதல் தருவதாக இருந்ததில்லை. 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் இவ்வாறு உயிரை மாய்த்துக்கொண்டதாக அன்றைய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எதிரியின் குண்டுக்குத் தப்பியவர்கள் தமது பாசறையிலேயே மடிவது எந்த நாட்டுக்கும் பெருமை சேர்ப்பதல்ல.

இம்மரணங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம் கூறிவிட முடியாது. குடும்பத் தகராறு, கடன், நிலத் தாவா, விடுமுறை மறுப்பு, உயர் அதிகாரிகளின் கடுமை எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், இவற்றுக்கு நடுவே பெயர் சொல்லப்படாமல் மறைந்திருக்கும் ஒரு நோயும் இருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுகின்றனர்.

கண்ணெதிரே தோழன் சிதறியதைப் பார்த்தவனுக்கு அக்காட்சி அன்றோடு முடிந்துவிடுவதில்லை. உறக்கத்தில் கெட்ட கனவாகத் திரும்ப வருகிறது. விழித்திருக்கும்போதும் நேரில் நடப்பதுபோலத் தோன்றுகிறது. கதவு சாத்தும் ஓசைக்கே உடல் துள்ளுகிறது. மனைவி, மக்களிடமும் பற்று மரத்துப்போகிறது. காரணமற்ற கோபம், குடி, தனிமை ஆகியவை ஒட்டிக்கொள்கின்றன. இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால் அது நோய். சிலருக்கு நிகழ்வு நடந்து பல மாதங்கள் கழிந்த பிறகே அது தலைகாட்டும். 2010 ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டேவாடாவில் 76 பாதுகாப்புப் படையினர் பலியானார்கள். 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் 40 பேர் மடிந்தார்கள். மாண்டவர்களுக்கு நாடு அஞ்சலி செலுத்தியது. ஆனால், அந்த உடல்களைத் திரட்டித் தூக்கிச் சுமந்த தோழர்களின் மனத்தில் என்ன தங்கியது என்று எத்தனை பேர் கேட்டோம்?

இந்நோய் புதியதன்று. முதல் உலகப் போரின்போது 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைக் குண்டதிர்ச்சி என்ற பொருள்பட அழைத்து மருத்துவ இதழில் எழுதினார். அதே போரில், ஓடிப்போனதாகவும் கோழைகள் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டுத் தமது படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலரேனும் குற்றவாளிகளல்லர், நோயாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள அந்நாட்டுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் தேவைப்பட்டன. வியத்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் அவதியைக் கண்ட பின்னரே, 1980-இல் அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் இதைத் தனி நோயாகத் தமது கையேட்டில் சேர்த்தனர்.

இது தீர்க்கக்கூடிய நோய் என்பதுதான் வீரர்களுக்கு முதலில் சென்று சேர வேண்டிய செய்தி. பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையுடன் அந்த நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் சிகிச்சை முறைகள் உள்ளன. தேவைப்படுவோருக்கு மருந்துகளும் உள்ளன. காலம் தாழ்த்தாமல் வருவோரில் பலர் குணமடைந்து பணிக்குத் திரும்ப முடியும். அப்படியிருந்தும் வீரர்கள் ஏன் மருத்துவரிடம் செல்வதில்லை?

முதல் காரணம் நாணம். விழுப்புண்ணைப் போற்றிய மரபு நம்முடையது. மார்பில் பட்ட புண் வீரத்தின் அடையாளம். முதுகில் பட்டதோ மானக்கேடு. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பது வரலாறு. மனத்தில் பட்ட புண்ணை இன்றைய வீரன் புறப்புண்ணாகவே கருதுகிறான். காலில் குண்டு பாய்ந்தால் காட்டுவான். உறக்கம் வரவில்லை என்றால் மறைப்பான். உண்மையில், களத்தில் முன்னே நின்றதால் பட்ட புண்தான் இதுவும். இதுவும் விழுப்புண்ணே.

இரண்டாவது காரணம் அச்சம். அந்த அச்சம் ஆதாரமற்றதும் அன்று. ராணுவத்தில் ஒவ்வொருவரின் உடல்தகுதியும் ஐந்து கூறுகளாகப் பிரித்து மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் முதலாவது மனநிலை. மற்றவை செவித்திறன், கை கால்கள், உடல் வலிமை, பார்வை ஆகியவை. இவற்றில் ஒன்றில் தரம் குறைந்தாலும் பதவி உயர்வு, பயிற்சி, வெளிநாட்டு அமைதிப் படை வாய்ப்பு ஆகியவை கைநழுவிப் போகலாம். கையிலிருந்து துப்பாக்கி வாங்கி வைக்கப்பட்டால், ஏன் என்று பாசறை முழுவதும் பேசும். பணிநீக்கம் செய்யப்பட்டால், ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட நேரிடும். வேலையை நம்பி ஒரு குடும்பமே இருக்கும்போது, வாய் திறப்பதைவிட வாய் மூடியிருப்பதே அறிவுடைமை என்று அவன் எண்ணினால், அவனைக் குறை கூறுவது எங்ஙனம்?

ஆகவே, 'வெட்கப்படாதீர்கள், சிகிச்சைக்கு வாருங்கள்' என்று சுவரொட்டி அடித்தால் மட்டும் போதாது. வந்தால் இழப்பு நேராது என்பதை விதியாக்க வேண்டும்.

நமது சட்டங்கள் இத்திசையில் ஓரளவு நடந்திருக்கின்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது. பணியில் சேரும்போது பதிவு செய்யப்படாத நோய் பின்னர் தோன்றினால், அது பணியால் விளைந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை மறுக்க விரும்பினால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது, வீரரைச் சார்ந்ததன்று.

2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. மனநலப் பாதிப்புக்குள்ளான ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நோயின் விளைவான நடத்தைக்காக ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது பாகுபாடாகும் என்றது. இப்போதைய பணிக்கு அவர் தகுதியற்றவரானால், ஊதியம் குறையாமல் வேறு பணி தரலாம். துப்பாக்கியைக் கையாளத் தேவையில்லாத பணியாக அது இருக்கலாம் என்றும் வழிகாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் களப் பணியாளர்களுக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்திருந்தது. நீதிமன்றம் ஒரு கதவைத் திறக்கிறது. அரசாணையோ மற்றொன்றை மூடுகிறது. இந்த முரண்பாட்டை நீக்குவதே அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.

ஆயுதம் ஏந்தியவரிடம் மனநோயைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். 2019 டிசம்பரில் நாராயண்பூரில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை முகாமிலும், 2021 நவம்பரில் சுக்மாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமிலும், 2022 மார்ச்சில் அமிருதசரஸ் அருகே எல்லைப் பாதுகாப்புப் படை முகாமிலும் வீரர்கள் சக வீரர்களையே சுட்டுக் கொன்றதை அவர்கள் நினைவூட்டக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. ஆனால், இந்நோய்க்கு ஆளானோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை; தம்மைத் தாமே வருத்திக்கொள்பவர்கள்தாம் மிகுதி. மேலும், ஒருவரது நோயை அறிந்து துப்பாக்கியைச் சில காலம் வாங்கி வைக்கும் படையைவிட, எவருக்கு நோய் என்றே அறியாமல் எல்லோர் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்திருக்கும் படைதான் ஆபத்தானது. பணியிலிருந்து தப்பிக்கச் சிலர் நடிக்கக்கூடும் என்பது மற்றோர் ஆட்சேபம். நடிப்பவரைக் கண்டறிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒளிப்பவரைக் கண்டறிவதுதான் கடினம்.

பிற நாடுகளின் அனுபவம் நமக்கு வழிகாட்டக்கூடும். ரகசியப் பணிகளுக்கான அனுமதிப் படிவத்தில் மனநல சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வி அமெரிக்க வீரர்களை மிரட்டியது. போர்க்கள அனுபவத்தால் பெற்ற ஆலோசனையை அதில் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2008 மே மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அறிவித்தார். 1994-இல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டல்லேர், தமக்கு இந்நோய் உண்டு என்பதை வெளிப்படையாகவே பேசினார். தளபதியே பேசிய பிறகு சிப்பாய்க்கு நாணம் எதற்கு? நம் நாட்டில் பதவியில் உள்ள ஒரு ஜெனரலோ, ஒரு கமாண்டன்ட்டோ அவ்வாறு முன்வந்தால், நூறு சுற்றறிக்கைகள் செய்யாததை அது செய்யும்.

இங்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. முப்படையினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமாக 2023 டிசம்பரில் புணேயிலுள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனி 'டெலி மானஸ்' பிரிவு தொடங்கப்பட்டது. மத்தியப் படையினர் ஆண்டுக்கு நூறு நாள்கள் குடும்பத்துடன் இருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் இலக்கு வகுத்தது. ஆனால், அமைச்சகம் அமைத்த பணிக்குழுவின் ஆய்வில், தற்கொலைகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை வீரர்கள் விடுமுறை முடிந்து திரும்பிய பின் நிகழ்ந்தவை எனத் தெரியவந்தது. விடுமுறை மட்டுமே மருந்தாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. திரும்பிவந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் பேச ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும். பெரும் தாக்குதலுக்கு உள்ளான பிரிவினர் அனைவருக்கும் ஓராண்டு வரை மனநலப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் என்றால் எவருக்கும் நாணமிராது. ஆலோசகரிடம் பேசியது, உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, மேலதிகாரியின் கோப்புக்குச் செல்லலாகாது. தரக் குறைப்பு தற்காலிகமானது, குணமானபின் பழைய தரமும் முதுநிலையும் திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையைப்போல வீடுதோறும் ராணுவத்தினர் உள்ள ஊர்கள் தமிழகத்தில் உண்டு. விடுமுறையில் வந்த மகன் இரவெல்லாம் விழித்திருப்பதையும், யாருடனும் பேசாமல் குடித்துக்கொண்டிருப்பதையும் முதலில் காண்பவர்கள் தாயும் மனைவியும்தாம். 'பட்டாளத்தான் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல், 14416 என்ற கட்டணமில்லா 'டெலி மானஸ்' எண்ணை அவர்கள் அழைக்கலாம். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தில்லியில் இந்தியா கேட் அருகே 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், நாட்டுக்காக உயிரீந்தோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது நாம் மாண்டவர்களுக்குச் செய்யும் கடமை. உயிரோடு திரும்பியும் போர்க்களத்தை மனத்தில் சுமப்பவர்களுக்குக் கல் வேண்டாம். தயங்காமல் தட்டக்கூடிய மருத்துவரின் கதவும், தட்டியதற்காகத் தண்டிக்காத ஓர் அரசுமே அவர்களுக்குத் தேவை.