உருகும் முன்பே தளரும் இமயம்

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு உடைந்தபோது, மேகவெடிப்பே காரணம் என்று முதலில் பேசப்பட்டது. பனியாறு உருகி ஏரி பெருகிவருவதை அறிவியலாளர்கள் முன்பே எச்சரித்திருந்ததால், ஏரி நிரம்பி வழிந்திருக்கும் என்றும் பலர் கருதினர். ‘சயின்ஸ்’ இதழில் 2025 ஜனவரியில் வெளியான பன்னாட்டு ஆய்வு ஏரியை விட்டு அதன் கரையைச் சுட்டிக்காட்டியது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரியின் வடக்குக் கரை, பனியாறு ஒதுக்கிவிட்டுப்போன கல்லும் மண்ணும் உறைந்து இறுகிய ஒரு சரிவு. அதில் ஏறத்தாழ 1.47 கோடி கன மீட்டர் அளவு பெயர்ந்து ஏரிக்குள் விழுந்தது. அதனால் 20 மீட்டர் வரை எழுந்த அலை, ஏரியின் முகப்பை உடைத்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் தீஸ்தா பள்ளத்தாக்கில் பாய்ந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. 55 பேர் உயிரிழந்ததாகவும் 74 பேர் காணாமல் போனதாகவும் அந்த ஆய்வு பதிவுசெய்கிறது. விழுந்த சரிவு பல ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, பழைய செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது.

இமயத்தைப் பற்றிய நம் கவலையில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியும் பனியாறுகளுக்கும் ஏரிகளுக்குமே போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத உறைமண்ணை நாம் கணக்கில் கொள்வதில்லை என்பதே என் கவலை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்காவது சுழியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலத்தையே அறிவியலாளர்கள் நிரந்தர உறைநிலம் என்கிறார்கள். அங்கே கல்லையும் மணலையும் களிமண்ணையும் பிணைத்து வைத்திருப்பது பனிக்கட்டி.

உறைமண் உருகினால்தான் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. உண்மை அதைவிடச் சங்கடமானது. மண்ணுக்குள் இருக்கும் நீர் முழுவதும் சுழியத்தில் உறைந்துவிடுவதில்லை. துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் எஞ்சியிருக்கும். குளிர் கூடக்கூட அது குறையும். வெப்பம் ஏற ஏறத் தடிக்கும். ஆகவே -10 டிகிரியில் கான்கிரீட்போல் நிற்கும் மண், -1 டிகிரியில் உறைந்த தோற்றத்துடனேயே வலுவிழந்து, சொந்த எடையைத் தாங்க முடியாமல் நகரத் தொடங்குகிறது. பனி நிரம்பிய பாறைப் பிளவுகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். -1.5 டிகிரிக்கும் சுழியத்துக்கும் இடைப்பட்ட நிலையில்தான், முழுவதும் உருகிய நிலையைக் காட்டிலும், சரிவு நிலைகுலையும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள்.

நான் வசிக்கும் சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தின் நெசவாளர்களுக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது, இழைகள் பிரியாமல் தறியின் இழுப்பைத் தாங்குவதற்காக. அந்தப் பிடி தளர, கஞ்சி முழுவதும் கரைந்துபோக வேண்டியதில்லை. ஈரக்காற்றில் இளகினாலே போதும். மலையின் கஞ்சி, பனி.

ஒவ்வொரு பேரிடரையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7ஆம் தேதி, ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் ரோண்டி சிகரத்திலிருந்து சரிந்து 200க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. அதில் பாறையின் உள்வெப்பம் எவ்வளவு பங்கு வகித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த உயரங்களில் நிலத்தடி வெப்பத்தை நாம் அளந்து வைக்காததும் இதற்கு ஒரு காரணம்.

ஏரிகளை அளப்பதில் நாம் பின்தங்கவில்லை. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 இமய ஏரிகளில் 676 ஏரிகள் 1984 முதல் கணிசமாக விரிந்துள்ளன, அவற்றில் 130 இந்தியாவில் உள்ளன என்று இஸ்ரோ 2024இல் அறிவித்தது. ஏரி உடைப்பு அபாயத்தைக் குறைக்க, நான்கு மாநிலங்களுக்காக 150 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு அதே ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இவை தேவையானவை. ஆனால், ஏரியின் பரப்பு அதன் கரையின் வலுவைச் சொல்லாது. சுவிட்சர்லாந்து 1987இலேயே முர்தெல் மலைச்சரிவில் ஆழ்துளையிட்டு வெப்பமானிகளை இறக்கியது. 2000 முதல் நாடு தழுவிய கண்காணிப்பு வலையமைப்பையே நடத்திவருகிறது. லடாக்கில் சில ஆய்வுக் குழுக்களின் முயற்சிகள் தவிர, அப்படியொரு தொடர் பதிவு நம்மிடம் இல்லை.

மலைச்சரிவின் கொடுமை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் பலிகொண்டது. ஆனால், அங்கே மழை என்ற எச்சரிக்கையாவது இருந்தது. அதைக் கேட்டு மக்களை அப்புறப்படுத்த வழியுண்டு. உறைமண் தெளிந்த வானத்தின் கீழும் சரியும். அதற்கான எச்சரிக்கையை அளவீட்டிலிருந்துதான் பெற முடியும்.

தீஸ்தா-3 அணையை மீண்டும் கட்டுவதற்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு 2025 ஜனவரியில் பரிந்துரை செய்தது. கற்களை நிரப்பிக் கட்டிய பழைய அணைக்குப் பதிலாக இம்முறை கான்கிரீட் அணை. மின்சாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பெருவெள்ளத்தைத் தாங்கும் அணை என்பது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை. மேலே உள்ள எந்தச் சரிவு, எவ்வளவு வேகத்தில் தளர்கிறது என்பது வேறு கேள்வி. அணை தாங்கினாலும், அதற்கும் ஏரிக்கும் இடைப்பட்ட ஊர்களை அது காக்காது.

அந்த இரண்டாம் கேள்விக்கு விடை காணும் கருவி இன்று நம் கையில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30ஆம் தேதி ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், 12 நாள்களுக்கொரு முறை நில நகர்வை நுட்பமாகப் பதிவுசெய்ய வல்லது. ஆபத்தான ஏரிகளின் கரைகளையும் அணைகளுக்கு மேலுள்ள சரிவுகளையும் அதன் தரவுகளைக் கொண்டு கண்காணித்து, முடிவுகளை அந்தந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். 5,000 மீட்டர் உயரத்தில் துளையிடுவது கடினம்தான். சில இடங்களிலாவது தொடங்கத்தான் வேண்டும். உறைமண்ணின் வெப்பப் பதிவும் நகர்வுப் பதிவும் இல்லாமல், இமயத்தின் உயர்பகுதியில் எந்தப் பெரிய அணைக்கும் அனுமதி வழங்கக் கூடாது.

தெற்கு லோனாக்கின் கரை நகர்ந்தது பழைய படங்களில் இருந்தது, கணக்கெடுத்தவர் இல்லை. அடுத்த சரிவு இப்போதே எங்கோ நகர்ந்துகொண்டிருக்கலாம்.