மின்னுருவாக்கினால் மட்டும் போதுமா? நம் ஆவணங்களின் பிரதிகள் யார் கையில்?

2023 அக்டோபர் இறுதியில் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ‘ரைசிடா’ என்னும் இணையக் குற்றக் குழு முடக்கியது. கேட்ட பிணைத்தொகையைத் தர நூலகம் மறுக்கவே, ஏறத்தாழ 600 ஜிபி தரவுகளை அக்குழு இணையத்தில் கொட்டியது. நூற்பட்டியல் செயலிழந்தது. அந்நூலகம் நடத்தும் ‘அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்’ திட்டத்தின் தளமும் மறைந்தது. தமிழகத்திலிருந்து மின்னுருவாக்கப்பட்ட பழைய அச்சு நூல்களும் ஏடுகளும் அத்திட்டத்தில் உள்ளன. பல மாதங்கள் அவற்றை அந்தத் தளத்தின் வழியே எவராலும் காண இயலவில்லை.

2024 மார்ச்சில் நூலகமே வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. மின்னுருத் தொகுப்புகள் அனைத்துக்கும் பாதுகாப்பான பிரதிகள் இருந்தன. அவற்றை மீண்டும் ஏற்றி இயக்குவதற்குரிய கட்டமைப்புதான் இல்லை. அதாவது ஆவணம் இருந்தது, ஆனால் பயன்படவில்லை. உலகின் பெரும் நூலகம் ஒன்றுக்கே இந்த நிலை என்றால், ஒரு வன்தட்டில் ஆவணங்களைப் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அமைப்புகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தேசிய மின்னுருக் காப்புக் கூட்டமைப்பு, தன் உறுப்பு நிறுவனங்கள் தொகுப்புகளை எவ்வாறு சேமிக்கின்றன என்பதை 2011, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுத்தது. அதன் கேள்விகள் எளியவை. எத்தனை பிரதிகள் வைத்துள்ளீர்கள்? அவை வெவ்வேறு ஊர்களில் உள்ளனவா? கோப்பு ஏறிய நாளில் இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று எப்போது சோதித்தீர்கள்? சேமிப்பு உங்களுடையதா, வாடகை நிறுவனத்தினுடையதா? இக்கேள்விகளில் எதுவும் ‘எத்தனை இலட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்தீர்கள்’ என்பதன்று. நம் நாட்டு அரசு விளம்பரங்களிலோ அந்த ஒன்று மட்டுமே எண்ணிக்கையாக வருகிறது. ஸ்கேன் செய்வது ஒருமுறை செலவிட்டுத் திறப்பு விழா நடத்தக்கூடிய பணி. பாதுகாப்பது ஆண்டுதோறும் ஊதியமும் மின்சாரமும் புதிய வட்டுகளும் கேட்கும் பணி. அதற்கு நாடா வெட்டும் நாள் கிடையாது.

தலித் வரலாற்றுக்கு இது நூலகவியல் நுட்பம் சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழ் 1900 வரை வெளிவந்தது; அதன் இதழ்களைக் காண்பதே இன்று அரிது. அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ தப்பிப் பிழைத்தது. அதைக் காப்பாற்றியவர்கள் கோலார் தங்கவயல் உள்ளிட்ட ஊர்களின் பௌத்தக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்ற சேகரிப்பாளர்களும் ஆவர். அவ்விதழ்களிலிருந்தே ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்தார்; பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அவற்றை வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அப்பக்கங்கள் பல வீடுகளில் பல கைகளில் சிதறிக் கிடந்ததே அவற்றைக் காத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டத்தின் பெயருக்கு விரிவு, ‘நிறைய பிரதிகள் பொருளைக் காக்கும்’ என்பது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் இக்கொள்கை எவரும் பெயர் சூட்டாமலேயே நடைமுறையில் இருந்திருக்கிறது.

ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’வில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. பதிப்புரிமைச் சிக்கலில் அந்தத் தளம் மூடப்பட்டது. அதன் நூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், முன்பே அவற்றின் பிரதி அமெரிக்காவின் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் ஏற்றப்பட்டிருந்ததே. அந்த ஆர்க்கைவே 2024 அக்டோபரில் தாக்கப்பட்டுச் சில நாள்கள் முடங்கியது. தலித் அமைப்புகளின் காணொளிகள் பெரும்பாலும் யூடியூபில் உள்ளன. யூடியூபில் ஏற்றுவது பரப்புதல். அதைப் பாதுகாத்தல் என்று எண்ணிவிடலாகாது. அந்நிறுவனத்தின் விதி மாறினால் முறையிடக்கூட முகவரி இராது.

இன்னொரு அழிவு ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் தமிழில் தலித் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் பெருகின. அவற்றுள் பல பேஜ்மேக்கர் மென்பொருளில், ஆளுக்கொரு எழுத்துருவில் அச்சுக்கோக்கப்பட்டவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அக்காலக் குறுந்தகடு கெடாமல் இருந்து, கோப்பும் ஓர் எண் பிசகாமல் இருந்து, இன்று அதைத் திறந்தால் திரையில் தெரிவது பொருளற்ற குறிகளே. எழுத்துருக் கோப்பும் உடன் இருந்தால்தான் அது தமிழாகும். பழைய இதழாசிரியர் எவரிடமேனும் இத்தகைய வட்டுகள் இருக்குமாயின், அவற்றோடு அந்த எழுத்துருக்களையும் கேட்டு வாங்குவது இப்போது செய்யவேண்டிய வேலை. ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் கேட்பதற்கு ஆளும் இருக்கமாட்டார்கள், படிக்கும் இயந்திரமும் இருக்காது.

பட்டியலிடும் சொற்களிலும் சிக்கல் உண்டு. பறையர், பஞ்சமர், 1922இல் எம்.சி. இராஜாவின் தீர்மானத்தால் அரசு ஏற்ற ஆதிதிராவிடர், பிறகு அரிசன், தாழ்த்தப்பட்டோர், தலித் எனப் பெயர்கள் மாறிவந்துள்ளன. ஒன்றைத் தேடுபவருக்கு மற்றவையும் கிடைக்குமாறு இணைக்காத பட்டியல், ஆவணத்தை வைத்துக்கொண்டே மறைக்கிறது.

ஆயினும் உயிரும் நிலமும் பணயமாக இருப்பது நூலகத்தில் அன்று, வட்டாட்சியர் அலுவலகத்தில். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிவகுத்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது. பின்னரும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். இதுவே பஞ்சமி நிலம். அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் மாண்டனர். ஒரு மனை பஞ்சமி நிலமா என்பதை நிறுவும் சான்று பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்திலுள்ள ‘டி.சி.’ என்னும் இரண்டெழுத்து.

1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, பல ஊர்களில் அந்தக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறவில்லை. அனுபவத்திலிருந்த பிற சாதியினர் பெயரில் பட்டா ஏறியது என்பது நில உரிமை இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. இன்றைய கணினிப் பட்டாவின் அடித்தளம் யு.டி.ஆர். பதிவேடே. மின்னுருப் பாதுகாப்பின் எல்லை இங்கே தெரிகிறது. கணினி, தனக்குக் கொடுக்கப்பட்டதை மாறாமல் காக்கும். கொடுக்கும் முன்பே சிதைந்ததை அறியாது. பிழையான பதிவு ஒன்று கணினியில் ஏறி, இணையத்தில் எவரும் பார்க்கத்தக்கதாகிவிட்டால், காகிதத்திலிருந்த உண்மையைவிட அதற்கே மதிப்பு கூடிவிடுகிறது. யு.டி.ஆருக்கு முந்திய பதிவேடுகளோ கரையானுக்கும் மழைக்கும் நடுவே கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. வருவாய்த்துறையின் மேல் வழக்கு இருக்கும்போது வருவாய்த்துறையிடம் மட்டும் ஒரே பிரதி இருப்பது, எதிர்த்தரப்பிடம் சாட்சியை ஒப்படைப்பதாகும். ஒரு பிரதி ஆவணக் காப்பகத்திலும் இன்னொன்று ஒரு பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும் எனக் கோருவதில் மிகை ஏதுமில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் 10ஆம் உட்பிரிவு. பதிவு செய்தால் போதுமா? அக்காணொளி எங்கே, எத்தனை பிரதியாக, எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது? மேல்முறையீடு வரும் நாளில் அது திறக்குமா? இத்தகைய பதிவுகளைப் பொதுவெளியில் வைக்கவேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் முகமும் சாட்சியின் ஊரும் அதில் இருக்கும். பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. பூட்டிய பிரதியையும் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க முடியும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண், ஓர் எழுத்து மாறினாலும் மாறிக் காட்டிக்கொடுக்கும். யாரும் அக்காணொளியைப் பார்க்காமலேயே அது திருத்தப்படவில்லை என்பதை இவ்வாறு உறுதி செய்யலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, ஆவணங்களைப் பட்டியலிட்டு, இயன்றவற்றைக் கணினிமயமாக்க வேண்டிய கடமையை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பின் மீதும் சுமத்துகிறது. எனவே ஒரு கல்லூரியின் மாணவர்கள் தம் வட்டத்தில் இக்கணக்கெடுப்பைத் தாமே நடத்தலாம். இந்த ஊரின் யு.டி.ஆருக்கு முந்திய ‘அ’ பதிவேடு இருக்கிறதா, ஸ்கேன் செய்யப்பட்டதா, இரண்டாம் பிரதி எந்த அலுவலகத்தில், கடைசியாகச் சோதித்த நாள் எது என்று ஒரு தாளில் கேட்டால் போதும். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வரக்கூடும். கோப்பைக் காணோம் என்பது தகவலை மறுப்பதற்கான காரணம் ஆகாது, தேடவும் பொறுப்பானவரைக் கண்டறியவும் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. மேல்முறையீட்டு மனுவில் அத்தீர்ப்பைக் குறிப்பிடலாம்.