பிரேக்கில் புகுந்த காற்று

திருவனந்தபுரம் சமதரை நகரமன்று. ஏறுவதும் இறங்குவதுமே இதன் வீதிகளின் இயல்பு. இங்கு ஆட்டோ ரிக்ஷா ஓட்டிக் குடும்பம் நடத்தும் நம்மவர், பிரேக்கில் ஏர் எடுப்பதை வீட்டு வாசலிலேயே செய்யலாகுமா என வினவுகின்றனர். செய்யலாம் என்பதே நம் விடை. ஆயினும் ஸ்பானரை எடுக்குமுன் மிதியைச் சோதித்தறிதல் வேண்டும்.

மிதி பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தபின் சற்றே இறுகினால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். காலின் வலிமை சக்கரத்தைச் சேராமல் வழியிலேயே வீணாவது இதனால்தான். (ரயில் வண்டியில் காற்றே பிரேக்கை இயக்குகிறது, ஆட்டோவில் அதுவே பகையாகிறது!) மிதி வெகுவாக இறங்கிக் கெட்டியாக நின்றால், பெரும்பாலும் டிரம்முக்குள் லைனிங் தேய்ந்திருக்கும், அதற்கு ஏர் எடுப்பது மருந்தன்று. அழுத்திப் பிடித்திருக்கையிலேயே மெல்லத் தாழ்ந்தால் எங்கேனும் ஒழுக்கு உண்டு. அன்றேல் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கெட்டிருக்கும். அவ்வண்டியை வீதியில் இறக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்தல் நன்று. ஒரு நாள் வருவாய் போவது வருத்தமே. ஆனால் பின்னிருக்கையில் அமர்வது பிறர் வீட்டுப் பிள்ளைகளன்றோ?

வேலைக்கு இருவர் தேவை. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, முன்சக்கரத்தில் முடிப்பது வழக்கம். வண்டியின் கைப்புத்தகம் வேறு கூறினால் அதன்படியே செய்க. நிப்பிளில் தெளிவான குழாயொன்றைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது புது எண்ணெயுள்ள சீசாவில் அமிழ்த்துக. ஒருவர் மூன்று நான்கு முறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிதே தளர்த்த வேண்டும். குமிழிகள் வெளிவரும். நிப்பிளை இறுக்கியதாகக் குரல் கொடுத்த பின்னரே காலை எடுக்கலாம். முந்தினால் வெளியேறிய காற்று உள்ளே திரும்பிவிடும். குமிழி நிற்கும்வரை இவ்வாறே செய்து, இடையிடையே மேலுள்ள ஆயில் டப்பாவையும் நிரப்புக. அது வற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி வெப்பம்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஆண்டுக்கு இரு பருவமழை காணும் இவ்வூரில், திறந்து கிடந்த சீசாவை நம்பலாகாது. வடித்த எண்ணெயை மீண்டும் ஊற்றுவதும் தகாது. எஞ்சின் ஆயிலோ ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே நீரால் கழுவுக.

1978-இல் தொடங்கிய கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 2019-இல் 'நீம் ஜி' என்னும் மின்சார ஆட்டோவை வெளியிட்டது. எஞ்சின் போய் மோட்டார் வந்தாலும், எண்ணெய் பிரேக் உள்ள வண்டிக்கு இவ்வேலை மாறுவதில்லை.

முடிந்தபின் ஆளேற்றாமல், மேடுபள்ளமற்ற சந்தில் நடைவேகத்தில் ஓட்டிப் பத்து முறையாவது நிறுத்திப் பார்க்க. மிதி மீண்டும் பஞ்சானால் அன்றைய ஓட்டம் வேண்டா.