சீட்டைத் துண்டு போட்டால் யாருக்கு லாபம்?

ஊர் வரை ஒரே சீட்டு வாங்காமல், நடு ஸ்டேஷன் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று பிரித்து வாங்கினால் கட்டணம் குறையும் என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. கூலியில் பத்து ரூபாய் மிச்சமானாலும் குழந்தைக்குப் பாலாகும் என்று நினைக்கும் தொழிலாளிக்கு இது ஆசை காட்டும் யோசனைதான். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இந்த யோசனை பிரிட்டனிலிருந்து வந்தது. 1993இல் சட்டம் செய்து அந்நாட்டு ரயில்வேயைத் தனியார் கம்பெனிகளுக்குக் கூறுபோட்டுக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஒரு விலை, கூட்ட நேரத்துக்கு ஒரு விலை, மற்ற நேரத்துக்கு ஒரு விலை என்று ஆயிற்று. முழுப் பயணத்தின் விலையைவிடத் துண்டுகளின் கூட்டுத்தொகை குறையும் விபரீதம் பிறந்தது. ரயில் அந்த நடு ஸ்டேஷனில் நின்றால் போதும், சீட்டைப் பிரித்து வாங்கலாம் என்று விதியும் உண்டு. விவரம் தெரிந்தவன் தப்புகிறான்; தெரியாதவன் கூடுதலாக அழுகிறான். இப்படி ஓட்டிப் பார்த்த பிறகு, 2025 மே 25இல் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே மீண்டும் பொதுத்துறைக்கு வந்தது.

நம் நாட்டு ரயில்வேயின் கணக்கு வேறு. இங்கே தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான விகிதம் குறைந்துகொண்டே போகும். நீண்ட பயணத்தை இரண்டாக வெட்டினால், குறைந்த விகிதத்தை இழந்து, அதிக விகிதத்தை இருமுறை கொடுக்க நேரும். போதாக்குறைக்கு, சீட்டுக்குச் சீட்டு குறைந்தபட்சக் கட்டணம் வேறு. ஒரே எக்ஸ்பிரஸில் ஊர் வரை போகிறவர் ஒரே சீட்டு வாங்குவதே நல்லது. பாதி வழி பாசஞ்சரிலும் மீதி வழி எக்ஸ்பிரஸிலும் போகிறவருக்கு மட்டும் பிரித்து வாங்குவது சில சமயம் உதவும். பாசஞ்சர் கட்டணம் குறைவு என்பதே காரணம்.

ஆனால் அந்த பாசஞ்சர் எங்கே? 2020இல் கொரோனாவைக் காட்டி பாசஞ்சர் ரயில்களை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது அதே பெட்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டினார்கள். 10 ரூபாய்க் குறைந்தபட்சம் 30 ரூபாய் ஆயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். அடுத்த ஊர் வயலுக்குக் களை எடுக்கப் போன விவசாயத் தொழிலாளி இத்தனை காலம் மும்மடங்கு கொடுத்தார். எந்தத் தந்திரம் இவரைக் காப்பாற்றியிருக்கும்?

சென்னை நந்தனத்துக்கு வருவோம். மெட்ரோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் இடம் இது. 2021 பிப்ரவரியில் குறைத்து அமைத்த மெட்ரோ கட்டணம்: 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரே சீட்டு 30 ரூபாய். நான்கு நான்காக வெட்டினால் 40 ரூபாய்! நான்கு கிலோமீட்டரை இரண்டிரண்டாக வெட்டினாலும் அதே 20 ரூபாய்தான். இறங்கி ஏறிய அலுப்புதான் மிச்சம்.

உண்மை என்னவென்றால், தொழிலாளி சீட்டைப் பிரிக்கத் தேவையே இல்லை. அவருடைய பயணத்தை நிர்வாகங்களே பிரித்து வைத்திருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, சுமார் 30 கிலோமீட்டருக்கு மின்சார ரயிலில் 10 ரூபாய். அதே பாதையில் கிண்டியில் இறங்கி, ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான நந்தனத்துக்கு மெட்ரோ ஏறினால் 20 ரூபாய். செல்போன் சீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 16 ரூபாய். தெற்கிலிருந்து வரும் பஸ்களில் பெரும்பாலானவை, 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர் அங்கே மூட்டையோடு இறங்கி, நகரப் பஸ்ஸுக்குப் புதிதாக ஒரு சீட்டு எடுக்கிறார். மாறும் இடமெல்லாம் புதிய சீட்டு, புதிய குறைந்தபட்சக் கட்டணம்! பயணம் ஒன்று, கட்டணம் மூன்று!

2025 செப்டம்பர் 22இல் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு. வரவேற்கிறோம். ஆனால் மூன்று கட்டணங்களைக் கூட்டி ஒரு சீட்டில் அச்சிடுவதால் சுமை குறையாது. வரிசையில் நிற்கும் நேரம் குறையும். கொடுக்கும் காசு குறையாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். முதலாவது, புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை உள்ள மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம், ஒரே ஒரு குறைந்தபட்சம். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ தடம் நந்தனத்தில் பழைய தடத்தைச் சந்திக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். தடங்களை இணைக்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டணத்தை இணைப்பது முடியாத காரியமா? இரண்டாவது, எக்ஸ்பிரஸாகப் பெயர் மாற்றிய பாசஞ்சர்களைக் கிராம ஸ்டேஷன்களில் நிற்கும் பாசஞ்சர்களாகவே மீண்டும் ஓட்ட வேண்டும். மூன்றாவது, 2009இல் அமைப்புசாராத் தொழிலாளிக்கென்று 25 ரூபாய்க்கு 'இஜ்ஜத்' மாதச் சீட்டை அறிவித்தார்கள். அப்போது 100 கிலோமீட்டர் வரை செல்லலாம் என்றார்கள். ஆனால் மாத வருமானம் 1500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாதாம்! நாளுக்கு 50 ரூபாய் கூலி வாங்குகிறவரை இன்று எங்கே தேடுவது? வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் அது சலுகை. இல்லையேல் வெறும் காகிதம்.

அதுவரை ஒன்று செய்யலாம். தினமும் மின்சார ரயிலில் போகிறவர்கள் மாதச் சீட்டு வாங்குங்கள்; தினச் சீட்டைவிட அது நிச்சயம் மலிவு. ஆலைவாசலிலும் சங்கக் கூட்டத்திலும் வீடு முதல் வேலைத்தலம் வரை ஒருவர் எத்தனை சீட்டு எடுக்கிறார், கூலியில் எத்தனை ரூபாய் போகிறது என்று எழுதிச் சேருங்கள். அந்தக் கணக்கோடு ரயில்வே நிர்வாகத்தின் வாசலுக்கும், நந்தனத்து மெட்ரோ அலுவலகத்தின் வாசலுக்கும் போவோம். தனித்தனியாகச் சீட்டை வெட்டிப் பார்ப்பதைவிட, ஒன்றாக நின்று கட்டணத்தைக் குறைக்க வைப்பதே உழைப்பவருக்கு வழி.